கருத்துக்குக் கிடைத்த கூலி

மேற்குப் பசிபிக் கடலில் சைப்பான் என்றொரு சிறு தீவு உண்டு. 1944-இல் பெரும் குருதி சிந்தி ஜப்பானியரிடமிருந்து அமெரிக்கர் கைப்பற்றிய தீவு அது. சைப்பானை உள்ளிட்ட வட மரியானா தீவுகள் 1976-இல் ஏற்கப்பட்ட உடன்படிக்கையின் வழியே அமெரிக்காவோடு இணைந்தன. ஆயினும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் குடியேற்றச் சட்டமும் அங்கே செல்லா என விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விலக்கின் நிழலில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. சீனா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளின் ஏழைப் பெண்கள், ஆள்சேர்ப்போருக்குக் கடன்பட்டுப் பணம் கட்டி அங்கே தைக்கச் சென்றனர். 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் சட்டப்படியான கூலி மணிக்கு 5.15 டாலர்; இவர்களுக்கோ 3.05 டாலர். ஆனால் இவர்கள் தைத்த சட்டையில் 'அமெரிக்காவில் தயாரிக்கப்பட்டது' என்ற முத்திரை!

விலக்கை நீக்க வேண்டுமென வாஷிங்டனில் குரல் எழுந்தபோது, தீவின் அரசு ஜாக் அப்ரமோஃப் என்பவரை அமர்த்தியது. கட்டணம் பெற்று ஆட்சியாளரிடம் பரிந்து பேசுவது அவர் தொழில். அவர் எழுத்தாளரையும் நாடினார். டக் பாண்டோ என்னும் கட்டுரையாளர், கேட்டோ என்ற ஆய்வு நிறுவனத்தின் அறிஞர். காப்ளி செய்தி நிறுவனத்தின் வழியாக அவருடைய பத்தி பல நாளிதழ்களுக்குச் சென்றது. அப்ரமோஃபின் கட்சிக்காரர்களுக்கு உகந்த கட்டுரைகளுக்காக, ஒன்றுக்கு 2,000 டாலர் வரை அவர் பெற்றுவந்தார். 12 முதல் 24 கட்டுரைகள் இருக்கும் என்று அவரே ஒப்பினார். மரியானா தீவுகளைப் போற்றிய 1997-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்தவர் எவருக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் தெரியாது. 2005 டிசம்பரில் 'பிசினஸ் வீக்' இதழின் இணையப் பக்கமே இதை வெளிக்கொணர்ந்தது. பாண்டோ பதவி விலகினார். காப்ளி பத்தியை நிறுத்திவைத்தது.

இது புதிய கதையுமன்று. 1706-இல் எடின்பரோ சென்று, ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைய வேண்டுமென எழுதிக் குவித்த டேனியல் டீஃபோ, அமைச்சர் ஹார்லியின் மறைமுகக் கையாள் அல்லவா?

தாம் நம்பியதையே எழுதியதாகப் பாண்டோ சொன்னார். அதை நாம் ஐயுற வேண்டியதில்லை. அவருடைய வாதத்திலும் பொருள் இல்லாமலில்லை. 2007-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தீவுகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. 2009-க்குள் ஆடைத் தொழிற்சாலைகள் அனைத்தும் மூடப்பட்டன. கூலி உயர்வே காரணம் என்பார் உண்டு. 2005-இல் உலக ஆடை வணிகத்தின் இறக்குமதி வரம்புகள் நீங்கி, சீன ஆடைகள் தடையின்றி வரத் தொடங்கியதே பெருங்காரணம் என்பது நம் எண்ணம். இத்தகைய சிக்கலான வழக்கில்தான் வாசகர் நடுநிலையாளரின் சொல்லைத் தேடுகிறார். அவருக்குக் கிடைத்ததோ ஒரு தரப்பின் வழக்குரை. அது நடுநிலையாளரின் கையொப்பத்தோடு வந்தது. கடன் தீர்க்கத் தைத்துக்கொண்டிருந்த பெண்ணால் 2,000 டாலர் கொடுத்து ஒரு கட்டுரை எழுதுவிக்க இயலுமா?

அப்ரமோஃபிடம் பணம் பெற்ற இன்னொருவர் பீட்டர் ஃபெராரா. அவர் வருந்தவில்லை; முன்பும் செய்ததாகவும் இனியும் செய்யப்போவதாகவும் செய்தியாளரிடம் சொன்னார். 2006 ஜனவரியில் அப்ரமோஃப் வேறு குற்றங்களை ஒப்புக்கொண்டு பின்னர்ச் சிறை சென்றார். பாண்டோ சில ஆண்டுகளுக்குப்பின் கேட்டோ நிறுவனத்துக்கே திரும்பினார்.