சைடு மிரரும் வில்லெட்ஸ் பாயிண்ட்டும்

2006ல என் பழைய கேம்ரியோட சைடு மிரரை எவனோ ஒரு புண்ணியவான் பார்க்கிங்ல தட்டிட்டுப் போயிட்டான். டீலர்கிட்ட கேட்டா 200 டாலருக்கு மேல சொன்னாங்க. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேண்டீன்ல தோசையைப் பிய்ச்சுக்கிட்டே புலம்பினப்ப, பக்கத்துல இருந்த நண்பர், "நேரா வில்லெட்ஸ் பாயிண்ட் போங்க சார், அரை மணியில மாட்டி அனுப்பிடுவான்"னார்.

போனேன். ஷே ஸ்டேடியத்துக்கு எதிர்ப்பக்கம், தெரு ஒண்ணுதான் நடுவுல. இது நியூயார்க் தானான்னு சந்தேகம் வந்துடுச்சு. ரோடு முழுக்கக் குளம். நடைபாதை கிடையாது, பாதாள சாக்கடை கிடையாது. வரிசையா தகரக் கொட்டகைகள். நடுரோட்டுல நின்னுக்கிட்டு, என்ன வேணும்னு சைகையிலயே கேக்கறாங்க. ஈக்வடார்காரர் ஒருத்தர் 40 டாலருக்கு மாட்டிக் குடுத்தார். கலர் மட்டும் வேற :-)

அந்த இடத்தோட கதையைத் தோண்ட ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல இந்தப் பக்கம் முழுக்க சாம்பல் கிடங்கு. புரூக்ளின் வீடுகள்ல எரிச்ச நிலக்கரிச் சாம்பலை இங்கதான் கொட்டினாங்க. ஃபிட்ஸ்ஜெரால்டோட 'தி கிரேட் கேட்ஸ்பி' (1925) நாவல்ல வர்ற சாம்பல் பள்ளத்தாக்கு இதுதான். ராபர்ட் மோசஸ் அந்த மேட்டைச் சமன்படுத்தி 1939 உலகக் கண்காட்சிக்கு இடத்தைத் தயார் பண்ணினார். பக்கத்துல இருந்த வில்லெட்ஸ் பாயிண்ட் மட்டும் தப்பிச்சது. 1964 கண்காட்சிக்காக மறுபடி கை வெச்சப்ப, பழைய இரும்புக்காரங்களுக்காக வாதாடி ஜெயிச்சவர் ஒரு இளம் வக்கீல். பேரு மரியோ குவோமோ. ஆமா, பின்னாடி கவர்னர் ஆனாரே, அவரேதான்.

நிற்க. மெக்கானிக் கடை வைக்க அந்த ஊர்ல ரெண்டு கதவைத் தாண்டணும். முதல் கதவு மாநிலம். 1970கள்ல வந்த சட்டப்படி ரிப்பேர் கடைகள் மோட்டார் வாகனத் துறையில பதிவு செய்யணும். வாடிக்கையாளர் கேட்டா எஸ்டிமேட்டை எழுத்துல குடுக்கணும், கழட்டின பழைய பார்ட்டைக் கேட்டா திருப்பிக் குடுக்கணும். நல்ல சட்டம்தான், குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா பதிவு அந்த முகவரிக்கு மட்டும்தான். கடையைத் தூக்கிக்கிட்டு வேற தெருவுக்குப் போனா மறுபடி மோட்டார் வாகனத் துறையைப் பார்க்கணும்.

ரெண்டாவது கதவு நகரம். 1961 மண்டல விதிகள் மெக்கானிக் கடையை 16ஆம் உபயோகப் பிரிவுல வெச்சுது. சி8 மாதிரியான வணிகப் பகுதி, இல்லேன்னா எம்னு ஆரம்பிக்கிற தொழிற்பகுதி, அங்கதான் அப்போ தாராளமா நடத்த முடிஞ்சுது. வில்லெட்ஸ் பாயிண்ட் எம்3-1, கனரகத் தொழிற்பகுதி. அதாவது, மேப்புல அவங்களுக்குன்னே ஒதுக்கின இடம். வரியும் வாங்கிக்கிட்டாங்க. சாக்கடை மட்டும் போடலை!

2007ல மேயர் ப்ளூம்பெர்க் திட்டத்தை அறிவிச்சார். இடம் பாழடைஞ்சு கிடக்கு, மண்ணுல எண்ணெய் ஊறிப் போச்சு, அதனால எல்லாத்தையும் இடிச்சுட்டு வீடு, ஹோட்டல், கடைன்னு கட்டலாம். 2008 நவம்பர்ல நகர கவுன்சில் 60 ஏக்கருக்கு மேல மண்டலத்தையே மாத்திடுச்சு. பாழடைய விட்டது யாருங்கிற கேள்வியோட நிலச் சொந்தக்காரங்க கோர்ட்டுக்கும் போனாங்க. பலிக்கலை.

எனக்கு இதுல வயித்தெரிச்சல் எங்கன்னா, அங்க இருந்த 200க்கும் மேற்பட்ட கடைகள்ல பெரும்பாலானவங்க வாடகைக்காரங்க. நிலத்தை வித்தவனுக்குக் காசு வரும். ஸ்பேனர் பிடிச்சவனுக்கு? யாரும் அவனோட பதிவை ரத்து பண்ணலை. பதிவு செய்ய உதவற முகவரியை எடுத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். 40 பேருக்கு மேல சேர்ந்து சன்ரைஸ்னு ஒரு கூட்டுறவு ஆரம்பிச்சு, கிடைச்ச இடமாற்றப் பணத்தோட பிராங்ஸ்ல ஹண்ட்ஸ் பாயிண்ட்டுக்கு ஒரு குடோனைப் பிடிச்சுப் போனாங்க. அந்தக் குடோனை ரிப்பேர் கடையா மாத்த காத்தோட்டம், தீயணைப்புன்னு அனுமதி மேல அனுமதி. வாடகை ஓட, தொழில் ஓடலை. கடைசியில அந்த இடமும் கைவிட்டுப் போச்சு.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. ஸ்டேடியத்தோட மறுபக்கப் பார்க்கிங்ல பெரிய மால் கட்டறதா திட்டம் பெருசாச்சு. அந்த இடம் சட்டப்படி பூங்கா நிலம், மாநில சட்டசபை அனுமதி இல்லாம கட்டக்கூடாதுன்னு 2017 ஜூன்ல மாநிலத்தோட உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிடுச்சு. மால் போச்சு. கடைகள் அதுக்கு முன்னாடியே போயாச்சு. அப்புறம் 2024ல கவுன்சில் புதுத் திட்டத்துக்கு ஓகே சொன்னது: 2,500 வீடு, 25,000 பேர் உட்கார ஒரு கால்பந்து மைதானம். வாடகை கட்டுப்படியாகிற வீடுகள்ங்கறதால அதை மட்டும் என்னால திட்ட முடியலை.

2016ல கோயிலுக்குப் போனப்ப அந்தத் தெருவுக்குள்ள ஒரு ரவுண்டு அடிச்சேன். மிரர் மாட்டின கொட்டகை இருந்த இடத்துல கம்பி வேலி. அடுத்த முனையில தப்பிச்சிருந்த ஒரு கடைப் பையன்கிட்ட விசாரிச்சேன். பிராங்ஸ்னு கையைக் காட்டிட்டு, என் காரோட டயரைக் குனிஞ்சு பார்த்து, மாத்தணுமான்னு கேட்டான்.