சர்க்கரை நோய்: மரபணு மாற்றிய கணையச் செல்கள் ஊசிக்கு விடை கொடுக்குமா?

விடியும் முன் ஆலந்தலை கரையில் படகு ஏறும் ஒருவருக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருந்தால், வலையோடு இன்சுலினும் கடலுக்குப் போகணும். வெயில் பட்டால் மருந்து கெட்டுவிடும். ஐஸ் பெட்டியில் உறைந்து போனாலும் வீண்தான். இந்த ஊசியே வேண்டாம் என்ற நிலை வருமா? ஸ்வீடனில் நடந்த ஒரு சோதனை இந்தக் கேள்வியைக் கிளப்பியிருக்கு.

பள்ளிக்கூடத்தில் படித்த லாங்கர்ஹான் திட்டுகள் ஞாபகம் இருக்கா? கணையத்தில் உள்ள அந்தத் திட்டுகளின் பீட்டா செல்கள்தான் இன்சுலின் சுரக்கின்றன. டைப் 1-ல் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அவற்றை அழித்துவிடுது. இறந்தவரின் கணையத்தில் இருந்து செல்களை எடுத்து வைக்கலாம். கனடாவின் எட்மண்டன் மருத்துவர்கள் 2000-லேயே அதைச் செய்து காட்டினார்கள். ஆனால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிடணும். தொற்று, சிறுநீரக பாதிப்பு என அதற்குத் தனித் தலைவலி.

உப்சாலாவில் செய்தது என்ன?

அங்கே மாத்திரைக்குப் பதில் செல்லையே மாற்றினார்கள். 'இவன் வெளியாள்' என்று காட்டிக்கொடுக்கும் அடையாளப் புரதங்களுக்குத் தேவையான பி2எம், சிஐஐடிஏ ஆகிய 2 மரபணுக்களை கிரிஸ்பர் மூலம் முடக்கினார்கள். அடையாளமே இல்லாத செல்லையும் சில காவல் செல்கள் விடாது. அதனால் 'என்னைத் தொடாதே' என்று சொல்லும் சிடி47 புரதம் அதிகமாக உருவாக வைத்தார்கள்.

இப்படி மாற்றிய சுமார் 8 கோடி செல்கள், 42 வயது நபரின் முன்கைத் தசையில் 17 ஊசிகளாகச் செலுத்தப்பட்டன. மாத்திரை எதுவும் கிடையாது. 12 வாரம் கழித்தும் அவை உயிரோடு இருந்து இன்சுலின் சுரந்தன. சரியாக மாறாத செல்களை மட்டும் உடம்பு தாக்கியது. 2025 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதை வெளியிட்டது.

அப்போ ஊசியை நிறுத்திடலாமா?

கூடாது. செலுத்திய அளவு மிகக் குறைவு என்பதால் அந்த நபரே ஊசியைத் தொடர வேண்டியிருந்தது. அதுவும் ஒரே ஒருவரிடம் நடந்த சோதனை.

இன்னொன்றும் முக்கியம். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். அவர்களில் பெரும்பாலானோருக்கு இருப்பது டைப் 2. இந்தச் சோதனை நடந்தது டைப் 1-க்கு.

தானக் கணையம் எல்லோருக்கும் கிடைக்காது. அதனால் ஸ்டெம் செல்லில் இருந்தே இதே மாதிரி செல்களை வளர்க்கும் வேலையில் இப்போது இறங்கியிருக்கிறார்கள்.