கீழிருந்து கேட்ட இரைச்சலும் உள்ளே அமர்ந்த நினைவும்: மலாக்காத் தமிழரும் இராணுவப் போக்குவரத்து விமானமும்

மலாயா அவசரகாலம் (1948–1960) பற்றிய நூல்களில் விமானம் என்றால் பெரும்பாலும் குண்டு வீசிய விமானங்களே பேசப்படுகின்றன. காட்டுக்குள் வாரக்கணக்கில் சுற்றிய படைகளுக்குச் சோறு போட்டவை வேறு விமானங்கள். பிரிட்டிஷ் வான்படையின் டகோட்டா, வேலெட்டா, ஹேஸ்டிங்ஸ், நியூசிலாந்தின் பிரிஸ்டல் ஃபிரெய்ட்டர் ஆகியவை அரிசியையும் டப்பா உணவையும் மருந்தையும் தோட்டாவையும் வான்குடை கட்டி மரங்களுக்கு மேலே இறக்கின. அந்த விமானங்களுக்கும் மலாக்கா மாநிலத் தமிழருக்கும் இருந்த உறவு எப்படி மாறிவந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். மேலே பறப்பதைக் கண்ட தலைமுறையின் பிள்ளைகள் அதற்குள்ளேயே ஏறி உட்கார்ந்தார்கள். இந்த மாற்றம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்தது. அதை எழுதி வைத்தவர்கள் மிகச் சிலர்.

மலாக்காவின் தோட்ட வரலாறு நீண்டது. 1896-இல் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அங்கெல்லாம் பால்மரம் சீவ வந்த தமிழர்களின் லயங்கள் அவசரகாலத்தில் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு முள்வேலிக்குள் அடைபட்டன. அரிசிக்குப் பங்கீடு, பாதைக்குக் காவல், இரவில் ஊரடங்கு. அந்த வேலிக்குள் இருந்தவர்களுக்கு இராணுவப் போக்குவரத்து விமானம் முதலில் அறிமுகமானது காகிதமாகவும் குரலாகவும்தான். சரணடையச் சொல்லும் துண்டுப் பிரசுரங்களை விமானங்கள் கொட்டின. அவற்றில் தமிழில் அச்சானவையும் இருந்தன. ஒலிபெருக்கி பொருத்திய டகோட்டாக்கள் தாழப் பறந்து அறிவிப்புகளைச் சொல்லிப் போயின. 1953 செப்டம்பர் 3 அன்று மலாக்காவின் ஒரு பகுதி நாட்டிலேயே முதல் 'வெள்ளைப் பகுதி'யாக அறிவிக்கப்பட்டு, அங்கே கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1956 பிப்ரவரி 20-இல் லண்டனிலிருந்து திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான் பத்து பெரெண்டாம் விமானத்திடலில் இறங்கி, பண்டார் ஹிலிர் திடலில் விடுதலை நாளை அறிவித்தார். அந்தச் சிறு விமானத்திடலை மலாக்கா மக்கள் மறக்காததற்கு இதுவே காரணம்.

விடுதலைக்குப் பிறகு படையில் சேருவது தமிழ் இளைஞர்களுக்கு ஒரு வழியாகத் திறந்தது. ஆனால் எல்லாக் கதவும் திறக்கவில்லை. மலாய் ரெஜிமெண்ட் மலாய்க்காரர்களுக்கு உரியது. 1952-இல் பல இனத்தவருக்காகத் தொடங்கப்பட்ட கூட்டரசு ரெஜிமெண்ட், பின்னாளில் ரேஞ்சர் படை, சமிக்ஞைப் பிரிவு, பொறியாளர் பிரிவு, மருத்துவப் பிரிவு, வாகனப் பிரிவு போன்றவற்றில்தான் இந்தியர்கள் சேர முடிந்தது. குடியுரிமை கையில் இல்லாதவருக்கு அதுவும் இல்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், மாதச் சம்பளமும் சீருடையும் தந்த வேலை என்றால் அதன் எடையை இன்று நாம் முழுதாக உணர முடியாது. பயிற்சிக்குப் போர்ட் டிக்சன். அது மலாக்காவுக்குப் பக்கத்து ஊர்தான். கடல் தாண்டிய பணிக்குப் போக விமானம் வேண்டியிருந்தது.

மலாயா வான்படை 1958 ஜூன் 1-இல் பிறந்தது. அதன் முதல் விமானமான டுவின் பயனியருக்கு 'லாங் ராஜாவாலி' என்று துங்கு பெயர் சூட்டினார். குட்டையான ஓடுதளத்தில் ஏறி இறங்கக்கூடிய சிறிய இரட்டை எஞ்சின் விமானம் அது. அதே காலத்தில் மலாக்காவின் மேற்குக் கரையில் தெரெண்டாக் முகாம் எழுந்தது. 28-ஆம் காமன்வெல்த் காலாட்படைப் பிரிகேட் அங்கே குடியேறியது. ஆஸ்திரேலியர், நியூசிலாந்தினர், பிரிட்டிஷார் என மூன்று நாட்டுப் படைகள் மஸ்ஜித் தானா வட்டாரத்தில் நடமாடின.

1964-ஐ இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். இந்தோனேசியாவுடன் மோதல் மூண்டிருந்த வேளை. செப்டம்பர் 2 அதிகாலையில் இந்தோனேசிய ஹெர்குலிஸ் விமானங்கள் ஜொகூர் லாபிஸ் வட்டாரத்தில் வான்குடை வீரர்களை இறக்கின. ஒரு விமானம் இலக்கை அடையாமல் மலாக்கா நீரிணையில் விழுந்தது. மற்ற இரண்டிலிருந்து குதித்த 96 பேர் இடி மழையில் ரப்பர் மரங்களுக்கும் காட்டுக்கும் இடையே சிதறினார்கள். அவர்களைத் தேடப் போனவற்றில் தெரெண்டாக்கிலிருந்து சென்ற நியூசிலாந்துப் பட்டாளமும் ஒன்று. அக்டோபர் 29-இல் மலாக்கா–ஜொகூர் எல்லையான கெசாங் ஆற்று முகத்துவாரத்தில் 52 பேர் படகில் வந்து இறங்கினர். பெரும்பாலோர் விரைவிலேயே பிடிபட்டனர். ஆகவே ஹெர்குலிஸ் என்ற விமானம் அன்று இந்த வட்டாரத்துக்கு வந்தது எதிரியின் வாகனமாக. அதே வகை விமானம் பன்னிரண்டு ஆண்டுகளில் நம் பிள்ளைகளைச் சுமக்கும் விமானமானது. இதை இக்கட்டுரையின் மிக முக்கியமான திருப்பமாகக் கருதுகிறேன்.

இடைப்பட்ட காலத்தில் ஹெரால்டும் காரிபூவும் வந்தன. பிரிட்டனின் ஹேண்ட்லி பேஜ் நிறுவனம் செய்த ஹெரால்டு விமானங்கள் எட்டு, மோதல் காலத்தில் தீபகற்பத்தையும் போர்னியோப் பக்கத்துக் கூச்சிங், லாபுவானையும் இணைத்தன. 1966 முதல் கனடாவின் காரிபூ வந்தது. வால் பக்கம் சரிவுக் கதவு, இரண்டு பிஸ்டன் எஞ்சின், உள்ளே ஏறக்குறைய முப்பது பேருக்கு இடம். சரவாக்கின் உட்பகுதியில் சில நூறு மீட்டர் நீளப் புல்தரையில் இறங்கக்கூடிய விமானம் அது. 1976-இல் சி-130எச் ஹெர்குலிஸ் வந்தது. 90-க்கும் மேற்பட்டவர்களை ஒரே நேரத்தில் ஏற்றும் அந்த விமானத்தை வீரர்கள் 'சார்லி' என்று செல்லமாக அழைத்தார்கள்.

சார்லியின் உள்ளே போனவர் யாராயினும் சில விஷயங்களை மறக்க மாட்டார். இருக்கை என்பது சிவப்பு நைலான் பட்டைகளைப் பின்னிய வலைதான். சுவரோரம் ஒரு வரிசை, நடுவில் முதுகோடு முதுகு சாய்ந்த இரண்டு வரிசை, மறுபடி சுவரோரம் ஒரு வரிசை. எதிரே இருப்பவர் முழங்காலுக்கு இடையே நம் முழங்கால். ஜன்னல்கள் சில வட்டங்கள் மட்டுமே. பெரும்பாலோருக்கு வெளியே எதுவும் தெரியாது. நான்கு எஞ்சின்களின் இரைச்சலில் பேச்சு நின்றுவிடும். சைகையும் கண்ணும்தான் பேசும். தரையில் நிற்கும்போது உள்ளே வேர்த்துக் கொட்டும். மேலே போனதும் குளிர் ஏறும். சுபாங்கிலிருந்து கூச்சிங் வரை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இப்படியே. லயத்து வீட்டிலிருந்து புறப்பட்டுப் பேருந்தைத் தவிர வேறெதிலும் ஏறியிராத பதினெட்டு வயதுப் பையனுக்கு வாழ்க்கையின் முதல் விமானப் பயணம் இதுவாக இருந்தால், அந்த நினைவு எவ்வளவு கனமானது!

இன்னும் கடினமான நினைவு சுங்கை ஊடாங்கினுடையது. 1965-இல் தொடங்கிய சிறப்புப் படை பின்னர் மலாக்காவின் சுங்கை ஊடாங் முகாமைத் தன் இல்லமாக்கிக்கொண்டது. சிறப்புப் போர்ப் பயிற்சி மையமும் அங்கேயே அமைந்தது. நாட்டின் வான்குடை வீரர்களில் பலர் அங்கே உருவானவர்கள். தரையில் விழுந்து உருளும் பயிற்சி, கோபுரப் பயிற்சி, அதன்பின் விமானம். ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்தில் எழுந்து நின்று, கொக்கியை மேலே ஓடும் கம்பியில் மாட்டி, முன்னவர் பையைச் சரிபார்த்து, சிவப்பு விளக்கு பச்சையாகும் வரை காத்திருக்க வேண்டும். ஏறிச் சென்ற விமானத்திலேயே தரையிறங்காத பயணம் இது. 1994-இல் 10-ஆம் வான்குடைப் பிரிகேட் உருவாகித் தெரெண்டாக்கில் தலைமையகம் கொண்டபோது, மலாக்காவுக்கும் போக்குவரத்து விமானத்துக்கும் உள்ள கட்டு இன்னும் இறுகியது.

வாய்மொழி வரலாற்றைத் தேடுவோருக்கு இங்கே ஒரு வழிமுறையைப் பரிந்துரைக்கிறேன். ஆண்டைக் கேட்டால் முதியவர்கள் தடுமாறுவார்கள். விமானத்தைக் கேட்டால் ஆண்டு தானே வெளிவரும். வரிசையாக ஜன்னல் இருந்தது, இரண்டு எஞ்சின், பக்கக் கதவு வழியாக ஏறினோம் என்றால் அது ஹெரால்டு. 1963-க்குப் பிறகு, ஹெர்குலிஸ் வருவதற்கு முன். பின்பக்கச் சரிவில் ஏறினோம், இரண்டே எஞ்சின், பிஸ்டன் எஞ்சின் புகை என்றால் காரிபூ. நான்கு எஞ்சினும் சிவப்பு வலை இருக்கையும் என்றால் 1976-க்குப் பிந்தியது. எட்டு இதழ் விசிறி சுழலும் ஏ400எம் என்றால் 2015-க்குப் பின். எல்லாவற்றையும் 'சார்லி' என்றே சொல்லும் பழக்கம் வந்துவிட்டதால், அந்தப் பெயரை மட்டும் நம்பித் தேதி குறிக்கக் கூடாது.

மற்ற நாடுகள் தங்கள் வீரரின் நினைவை எப்படிக் காக்கின்றன என்பதற்கும் மலாக்காவிலேயே சான்று உண்டு. வியட்நாம் போரில் இறந்த ஆஸ்திரேலியர் சிலர் தெரெண்டாக் இராணுவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். குடும்பத்தார் பல்லாண்டுகள் கேட்டுக்கொண்டதன் பேரில், 2016 ஜூன் 2-இல் அங்கிருந்த வீரர்கள், படைக் குடும்பத்தினர் என 32 பேரின் உடல்கள், சிங்கப்பூரில் இருந்த ஒருவரின் உடலோடு, இரண்டு சி-17 போக்குவரத்து விமானங்களில் சிட்னிக்கு அருகிலுள்ள ரிச்மண்ட் வான்படைத் தளத்தை அடைந்தன. அரை நூற்றாண்டு கழித்தும் அவர்கள் தம்மவரைத் தேடி வந்தார்கள்.

நம்மவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் டுரியான் துங்காலிலும் எழுபது வயதைத் தாண்டிய முன்னாள் வீரர்கள் உண்டு. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கோயில் நிர்வாகத்தினரும் பல்கலைக்கழக மாணவர்களும் அவர்களைத் தேடிப் போங்கள். எந்தப் பிரிவு, எந்த முகாம், எந்த விமானம், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று கேளுங்கள். குரலைப் பதிவு செய்து, பழைய படங்களைப் பிரதியெடுத்து, ஒரு பிரதியைத் தேசிய ஆவணக்காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.