பழவேற்காட்டின் கடல்சார் மரபும் இன்றைய சுற்றுலாவும்: முகத்துவாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோர எல்லையில், உவர்நீர்க் காயல் ஒன்றின் தென்கரையில் பழவேற்காடு அமைந்துள்ளது. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் சிலிக்காவுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படும் இந்நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்துக்குள் அடங்கும். குளிர்காலத்தில் வந்து தங்கும் பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் காண ஒரு சாரார் இங்கு வருகின்றனர். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைக் காண மற்றொரு சாரார் வருகின்றனர். காயல் இயற்கைக் காட்சியாகவும் கல்லறை வரலாறாகவும் தனித்தனியே பார்க்கப்படுகின்றன. இப்பிரிவினை ஊரின் கடல்சார் வரலாற்றை விளங்கிக்கொள்ளத் தடையாக உள்ளது என்பதும், காயலையும் கடலையும் இணைக்கும் முகத்துவாரமே அவ்வரலாற்றின் அச்சு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கப்பல் நுழையாத துறை

பழவேற்காட்டைத் துறைமுகம் எனக் குறிப்பிடும்போது, கப்பல்கள் கரையணைந்து நின்ற ஓர் இடம் மனத்தில் தோன்றுவது இயல்பு. உண்மை அவ்வாறன்று. காயலின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர். பெருங்கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. சரக்கும் மனிதரும் குடிநீரும் சிறு படகுகளில் முகத்துவாரத்தின் வழியே கொண்டுசெல்லப்பட்டன. மணல்மேடுகள் பருவந்தோறும் இடம்மாறும் அவ்வாயிலைக் கடக்கத் தெரிந்தவர்கள் உள்ளூர்ப் படகோட்டிகளே. எந்த அரசு ஆண்டாலும், எந்தக் கம்பெனி கோட்டை கட்டினாலும், வணிகம் அவர்களின் துடுப்பைச் சார்ந்தே நடந்தது.

ஆட்சி மாற்றங்கள் நன்கு அறியப்பட்டவை. விசயநகர ஆட்சிக்காலத் துறையாக விளங்கிய இவ்வூரை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா தம் நூலில் குறிப்பிடுகிறார். இரண்டாம் வேங்கடனின் இசைவுடன் 1610இல் டச்சுக் கம்பெனி இங்குப் பண்டகசாலை நிறுவியது. 1612இல் போர்த்துகீசியர் அதனைத் தாக்கி அழித்தனர். அடுத்த ஆண்டே கெல்திரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் 1690 அளவில் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இங்கேயே இருந்தது. இறுதியாக 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று.

இவ்வூரை டச்சுக்காரர் நாடியதன் காரணம் துணி. கீழைத் தீவுகளில் மிளகுக்கும் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியே எளிதில் மாற்றாக ஏற்கப்பட்டது. மலாய் மொழியில் கட்டம்போட்ட கைலியைக் குறிக்கும் ‘பெலெக்கட்’ என்னும் சொல் பழவேற்காட்டின் பெயரிலிருந்து பிறந்தது. கோட்டை மண்மேடான பின்னும் ஊரின் பெயர் அயல்நாட்டு ஆடையில் நிலைத்திருப்பது, இங்குள்ள எந்தக் கல்வெட்டுக்கும் குறையாத சான்றாகும். ஊருக்கு வருவோரிடம் இது சொல்லப்படுவதில்லை.

கல்லில் உள்ளோரும் இல்லாதோரும்

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரு எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே, குலச்சின்னங்களும் டச்சு மொழி வாசகங்களும் பொறித்த 17ஆம் நூற்றாண்டுக் கற்பலகைகள் கிடக்கின்றன. அவற்றின் கலைச்சிறப்பு மறுக்கத்தக்கதன்று. ஆயினும் கம்பெனியின் அலுவலர்களும் அவர்தம் குடும்பத்தினருமே கல்லில் பெயர் பெற்றுள்ளனர். மலய, சின்னண்ண என டச்சு ஆவணங்கள் குறிக்கும் செட்டி உடன்பிறப்புகள் கம்பெனிக்குத் துணி திரட்டித் தந்ததோடு தாமே கப்பல்களும் செலுத்தியவர்கள்; சஞ்சய் சுப்ரமணியம் முதலிய ஆய்வாளர்கள் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். ஊரில் இவர்களை நினைவூட்டும் பலகைகூட இல்லை. பிணத்தை எரிக்கும் மரபினர்க்குக் கல்லறை இல்லாமை இயல்பே. ஆனால் கல்லறையை மட்டுமே வரலாறாகக் காட்டும் சுற்றுலாவில் அம்மரபினர் தாமாகவே மறைந்துபோகின்றனர்.

இவர்களினும் முற்றாக மறைந்தவர்கள் அடிமைகள். பழவேற்காட்டிலிருந்து கப்பலேறியவை துணிப்பொதிகள் மட்டும் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் சோழமண்டலத்தை வாட்டிய ஆண்டுகளில் அடிமை ஏற்றுமதி திடீரெனப் பெருகியதை மார்க்குஸ் விங்க் 2003இல் வெளியிட்ட கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. வயிற்றுக்கில்லாமல் தம்மையோ தம் பிள்ளைகளையோ விற்றவர்கள் பத்தாவியாவுக்கும் பிற டச்சுக் குடியேற்றங்களுக்கும் அனுப்பப்பட்டனர். ஆவணங்களில் இவர்கள் பெரும்பாலும் தலைத்தொகையாகவே காணப்படுகின்றனர். அவர்கள் தாய்நிலத்தை இறுதியாகப் பார்த்த இடமும் முகத்துவாரமும் அதற்கப்பாலுள்ள கடலுமே. இன்று ஒளிப்படம் எடுப்போர் நிற்பதும் அதே கரையில்தான்.

முகத்துவாரமும் பாடும்

கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அதன் பெயரைச் சுமந்திருப்பது கோட்டைக்குப்பம் என்னும் மீனவர் ஊர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் ‘பாடு’ என்னும் முறைப்படி முகத்துவாரத்தை ஒட்டிய இறால் பிடிப்பிடங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர். எந்த இடம் எவருக்கு என்பது சீட்டுப் போட்டு முறைவைத்துத் தீர்மானிக்கப்படும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை. நீரோட்டம், மணல்மேடு, இறாலின் போக்கு பற்றிய அறிவு இம்முறைக்குள் தலைமுறைகளாகச் சேர்ந்துள்ளது. கடல்சார் மரபு என்னும் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான சான்று இவ்வூரில் இல்லை.

இம்முறையைக் குறையற்ற சமத்துவமாகப் போற்றுவது பிழையாகும். பாட்டுரிமை சாதி, ஊர், தலைக்கட்டு ஆகியவற்றால் வரையறுக்கப்பட்டது. பெண்களுக்கு அதில் பங்கில்லை. ஆழமற்ற நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் அதற்கு வெளியே நிற்கின்றனர். இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை விரிந்தபின் பிடிப்பிடங்களைக் குறித்த பூசல்களும் மிகுந்தன. மரபை உள்ளவாறு பதிவுசெய்வோர் இவ்விலக்கல்களையும் பதிவுசெய்தல் வேண்டும்.

படகுச் சவாரியும் வரலாறும்

2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தோரை ஏற்றிச்சென்ற படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. தடை தேவையானதே. எனினும் அமைதியான ஏரி என்று தோன்றும் இந்நீர்ப்பரப்பு கடலோடு பிணைந்தது என்பதை வருவோர்க்கு உணர்த்தும் ஏற்பாடு அவசியம். அன்று கம்பெனி அலுவலர்கள் படகோட்டியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டே முகத்துவாரத்தைக் கடந்தனர். சுற்றுலாப் பயணிக்கும் அக்கட்டுப்பாடு பொருந்தும்.

கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையிடமும், பறவைகள் வனத்துறையிடமும், மீன்பிடிப்பு மீன்வளத்துறையிடமும் உள்ளன. முகத்துவாரம் தூர்ந்துபோவது பொறியியல் சிக்கலாக மட்டுமே விவாதிக்கப்படுகிறது. அது தூர்ந்தால் காயலின் உப்புத்தன்மை மாறி இறால் வரத்து குறையும். அதனோடு பாடு முறையும் பொருளிழக்கும். மணல்மேடுகளுக்கும் நீரோடும் வழிகளுக்கும் மீனவர்கள் இட்டு வழங்கும் பெயர்களை முதியோரிடமிருந்து திரட்டி, நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள கம்பெனிக்கால நிலப்படங்களோடு ஒப்பிடும் பணியைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத் துறைகள் மேற்கொள்ளலாம். பழைய டச்சு எழுத்தைப் படிக்கப் பயின்றோரும் குப்பங்களில் தங்கிக் களப்பணி செய்வோரும் இணைந்தாலன்றி அப்பணி நிறைவேறாது.