விண்டோஸைக் கவிழ்த்த டிரைவர்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39க்கு அமெரிக்காவின் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தனது பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறிய அப்டேட் அனுப்பியது. உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. சென்னை உட்படப் பல விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இது வைரஸ் அல்ல. காரணம் ஒரு டிரைவர். பிரிண்டர், கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றை இயக்க உதவும் மென்பொருள்தான் டிரைவர். பல டிரைவர்கள் கெர்னல் எனப்படும் விண்டோஸின் மையப்பகுதியில் இயங்குகின்றன. சாதாரண மென்பொருள் தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் தவறு நேர்ந்தால் கணினியே நின்றுவிடும்.

1996ல் வந்த விண்டோஸ் என்டி 4.0, வேகத்துக்காக கிராபிக்ஸ் டிரைவர்களையும் கெர்னலுக்குள் கொண்டுபோனது. பின்னர் வந்த விஸ்டா அவற்றில் பெரும்பகுதியை வெளியே எடுத்தது. ஆனால் பாதுகாப்பு மென்பொருட்களின் டிரைவர்கள் உள்ளேயே இருந்தன. அன்று கிரவுட்ஸ்டிரைக் டிரைவரிடம் இருந்தவை 20 தகவல்கள். புதிய கோப்போ 21வதைத் தேடச் சொன்னது. இல்லாததைத் தேடப்போய் விண்டோஸே கவிழ்ந்தது.

78 நிமிடங்களில் அப்டேட் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் துவங்கும்போதே நின்றுபோகும் கணினிக்கு இணையம் வழியே மருந்து அனுப்புவது எப்படி? ஊழியர்கள் ஒவ்வொரு கணினியாகப் போய், சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பை அழித்தார்கள். வீட்டுக் கணினியில் புதிய டிரைவர் போட்டதும் நீலத்திரை வந்தால் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான்: சேஃப் மோடில் போய், டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்புவது.

2024 நவம்பரில், பாதுகாப்பு மென்பொருட்கள் கெர்னலுக்கு வெளியே இயங்க வழி செய்யப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கிராபிக்ஸ் டிரைவர்கள் கற்றுத்தந்த பாடம்தான், கொஞ்சம் தாமதமாக!