சிவில் ஏர் பேட்ரோலும் மூழ்காத இரண்டு நீர்மூழ்கிகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

அமெரிக்காவில் சிவில் ஏர் பேட்ரோல் என்றொரு தொண்டர் அமைப்பு இருக்கிறது. நம் என்.சி.சி. ஏர் விங்குக்குத் தூரத்து உறவு எனலாம். ஆனால் இதில் பெரியவர்களும் உறுப்பினர்கள். சம்பளம் கிடையாது, சந்தா கட்டித்தான் சேர வேண்டும். காணாமல் போன விமானங்களைத் தேடுவார்கள், வெள்ளம் புயல் என்றால் வானிலிருந்து படம் எடுத்துத் தருவார்கள். பிள்ளைகள் 12 வயதில் கேடட்டாகச் சேர்ந்து 21 வயது ஆகும்வரை இருக்கலாம். நியூஜெர்சியில் இருக்கும் என் பேத்தியும் அதில் ஒரு கேடட். அங்கே நடந்த மாநில மாநாட்டின் கடைசி நாளுக்கு என்னையும் கூட்டிப் போனாள். பள்ளியில் பல வருடம் என்.சி.சி. பொறுப்பைப் பார்த்தவன் நான். அணிவகுப்பு முடிந்ததும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பூரிக்கிழங்கு மட்டும் அங்கே இல்லை. மற்றபடி ஷூ பாலிஷ் முதல் சல்யூட் வரை எல்லாம் பழகிய காட்சிதான்.

காலையில் பல அறைகளில் வகுப்புகள். நான் போய் உட்கார்ந்தது வரலாற்று வகுப்பில். வேறெங்கே போவேன்?

இந்த அமைப்பு பிறந்தது 1941 டிசம்பர் 1-ஆம் தேதி. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஆறே நாள் முன்பு. யோசனை கில் ராப் வில்சனுடையது. நியூஜெர்சி மாநிலத்தின் விமானத் துறை இயக்குநராக இருந்தவர். 1930-களில் ஜெர்மனிக்குப் போய்வந்து, போர் வரப்போகிறது, சொந்த விமானம் வைத்திருப்பவர்களைத் திரட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆணையில் கையெழுத்துப் போட்டவர் குடிமக்கள் பாதுகாப்பு அலுவலகத்தின் தலைவர் லா கார்டியா. அவரே அப்போது நியூயார்க் மேயர், முதல் உலகப் போரில் விமானியும்கூட. நியூயார்க்கில் இறங்கியவர்களுக்கு விமான நிலையத்தின் பெயராக அவரைத் தெரிந்திருக்கும்.

1942 தொடக்கத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கரைக்கே வந்துவிட்டன. கரையோர நகரங்கள் விளக்கை அணைக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் எண்ணெய்க் கப்பல்கள் நிழலுருவமாகத் தெரிய, குறி வைப்பது சுலபமாகிப் போனது. அதே ஏப்ரலில்தான் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையில் மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்தார்கள். கடலைப் பார்த்துப் பயந்த வருடம் அது, இங்கும் அங்கும்.

கடற்படையிடம் போதிய விமானங்கள் இல்லை. சிவில் ஏர் பேட்ரோல் மீது ராணுவத்துக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை. சோதனைக்காகச் சில வாரங்கள் பறந்து பாருங்கள் என்றார்கள். 1942 மார்ச்சில் அட்லாண்டிக் சிட்டியிலும் டெலவேர் மாநிலத்து ரெஹோபோத்திலும் ரோந்து தொடங்கியது. ஒற்றை இன்ஜின் விமானங்கள், வார இறுதியில் உல்லாசமாகப் பறக்க வாங்கியவை. ஓட்டியவர்களில் பலர் வயது கடந்தவர்கள், உடல் தகுதி இல்லை என்று ராணுவம் திருப்பி அனுப்பியவர்கள். விமானிக்கு நாளுக்கு 8 டாலர் படி. பிறகு அந்தக் குட்டி விமானங்களின் வயிற்றில் குண்டுகளையும் மாட்டிவிட்டார்கள். 1943 ஆகஸ்ட் இறுதி வரை, மெயின் முதல் மெக்சிகோ எல்லை வரை 21 தளங்களிலிருந்து பறந்தார்கள். இந்த ரோந்தில் மட்டும் 26 பேர் இறந்தார்கள்.

இந்த இடத்தில்தான் வகுப்பு சூடுபிடித்தது. அமைப்பில் பல காலமாகச் சொல்லிவரும் பெருமை ஒன்று உண்டு: நாங்கள் இரண்டு நீர்மூழ்கிகளை மூழ்கடித்தோம். அதில் ஒன்று 1942 ஜூலையில் அட்லாண்டிக் சிட்டி தளத்து விமானம் செய்தது என்பார்கள். குண்டு போட்டது உண்மை, தண்ணீரில் எண்ணெய் மிதந்ததைக் கண்டதாகவும் சொல்வார்கள். ஆனால் போருக்குப் பின் கிடைத்த ஜெர்மன் ஆவணங்களில் அந்த இடத்தில், அந்த நாளில் எந்தப் படகும் தொலையவில்லை. வகுப்பெடுத்தவர் அதே அமைப்பின் மூத்த உறுப்பினர். இதைத் தயங்காமல் பிள்ளைகளிடம் சொன்னார்.

என் பேத்தி முகம் சுருங்கிவிட்டது. இரவு விருந்தில் இரண்டு நிமிடம் பேச அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எழுதி மனப்பாடம் செய்த பேச்சின் முதல் வரியே அந்த இரண்டு நீர்மூழ்கிகள்தான்.

மதிய உணவில் ஒரு பெரியவர், "அதை அப்படியே வைத்துக்கொள் அம்மா, எல்லாரும் கேட்க விரும்புவது அதைத்தான்" என்றார். நல்ல மனிதர்தான், பிள்ளை வருத்தப்படக் கூடாதே என்று சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். "தாத்தா, எடுத்துட்டா பேச்சுல என்ன இருக்கும்?"

என்ன இருக்கும் என்று உட்கார்ந்து எண்ணினோம். பதினெட்டு மாதங்களில் 86,685 முறை அந்த விமானங்கள் கடல்மேல் பறந்திருக்கின்றன. தலைக்கு மேல் விமானம் கண்டால் நீர்மூழ்கி ஆழத்துக்குப் போகும். ஆழத்தில் அதன் வேகம் குறையும், கப்பலைத் துரத்த முடியாது. ஒன்றைக்கூட மூழ்கடிக்காமலே பல கப்பல்களைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அதை எந்தப் பதக்கத்திலும் எண்ணிப் போட முடியாது, அவ்வளவுதான்.

பிறகு 1942 ஜூலை 21. ரெஹோபோத் தளத்து விமானம் ஒன்று கடலில் விழுந்தது. தளத் தலைவர் ஹியூ ஷார்ப்பும் எட்டி எட்வர்ட்ஸும் நீரிலும் இறங்கும் விமானத்தில் தேடிப் போனார்கள். அலைகளில் இறங்கியபோது இறக்கையின் மிதவை உடைந்தது. விழுந்த இருவரில் ஒருவரைத்தான் தூக்க முடிந்தது. விமானம் ஒருபக்கம் சாய்ந்துவிட்டதால் திரும்பப் பறக்க வழியில்லை. எட்வர்ட்ஸ் மறுபக்க இறக்கையில் ஏறிப் படுத்துத் தன் எடையால் அதைச் சமன் செய்தார். அலை அடிக்க அடிக்கப் பல மணி நேரம் அப்படியே கிடக்க, விமானம் படகுபோலக் கரை நோக்கி ஊர்ந்தது. 1943 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் இருவருக்கும் ஏர் மெடல் அளித்தார்.

"இதுல பொண்ணுங்களே இல்லையே" என்றாள் பேத்தி. நியாயமான கேள்வி. பெண் உறுப்பினர்களைக் கடல் ரோந்தில் பறக்கவிடவில்லை. ஆனால் சிகாகோவில் வில்லா பிரவுன் இருந்தார். கறுப்பினப் பெண், பள்ளி ஆசிரியையாக வேலையைத் தொடங்கியவர் (நம்ம ஜாதி!), 1938-இல் விமானி உரிமம் பெற்றவர். கணவரோடு விமானப் பள்ளி நடத்தினார். டஸ்கீகி படையில் சேர்ந்த பலர் அவரிடம் படித்தவர்கள். சிவில் ஏர் பேட்ரோலின் முதல் கறுப்பின அதிகாரி அவர்தான். கேடட் பிரிவு தொடங்கியதே 1942 அக்டோபர் 1-இல்தான். ஓர் ஆண் உறுப்பினர் ஒரு பையனை, ஒரு பெண் உறுப்பினர் ஒரு பெண்ணைச் சேர்த்துவிடலாம் என்பது அன்றைய விதி. ஆகவே பெண் பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே உண்டு.

மாலையில் சீருடையும் வில் டையுமாக விருந்து. விருதுகள், கைதட்டல், ஆறிப்போன கோழி. பேத்தி மேடையேறி எட்வர்ட்ஸ் இறக்கையில் படுத்துக் கிடந்ததைச் சொன்னாள். மீட்க முடியாமல் போனவரையும் சொன்னாள். நீர்மூழ்கிகளைப் பற்றி ஒரே வாக்கியம்: "நாங்கள் இரண்டை மூழ்கடித்ததாகச் சொல்லிவந்தோம், ஆவணங்களில் அது இல்லை." ஒரு மேசையில் முணுமுணுப்பு எழுந்தது. மதியம் புத்தி சொன்ன பெரியவர் முதலில் தலையைக் குனிந்தார், முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்.

நம் பக்கத்தில் என்.சி.சி. ஏர் விங் கேடட்டாக இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கீழே எழுதுங்கள். எந்த ஊர், எந்த வருடம், முதலில் ஏறிப் பறந்தது எந்த விமானம்? பேத்திக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.