உண்பவரும் கக்குபவரும்: தமிழில் நஞ்சு என்னும் சொல்லின் உருவக வரலாறு

மேடையில் பேசிய ஒருவரை "விஷத்தைக் கக்குகிறார்" என்று இன்று சொன்னால், பழி முழுவதும் பேசியவர் தலையில் விழுகிறது. கேட்டவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அங்கே பேச்சே இல்லை. பழந்தமிழ் நூல்களில் நிலைமை வேறு. அங்கு நஞ்சு உவமையாகவோ உருவகமாகவோ வரும்போது புலவரின் கண் பெரும்பாலும் உண்பவர்மேல்தான் இருக்கிறது. சொல்லின் பாரம் உண்பவரிடமிருந்து உமிழ்பவருக்கு எந்த வழியாக நகர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நற்றிணையின் 355ஆம் பாட்டு, நண்பர் கண்ணெதிரே கொடுத்தால் நஞ்சையும் உண்பவரே மிகுந்த நாகரிகம் உடையவர் என்கிறது. வள்ளுவர் இதே கருத்தைக் கண்ணோட்டம் அதிகாரத்தில் (580) வைக்கிறார். நஞ்சு ஊற்றப்படுவதை உண்பவர் பார்க்கிறார், பார்த்தும் உண்கிறார். கொடுத்த நண்பனின் வஞ்சகம் பற்றி இரண்டு பாட்டிலும் ஒரு சொல் கூடக் கிடையாது. கள்ளுண்பவரை நஞ்சுண்பவராகச் சொல்லும் குறளிலும் (926) உண்பவரே எழுவாய். ஔவையார் அதியமானை வாழ்த்தும் புறநானூறு 91இல் நஞ்சு என்ற பெயரே இல்லை. நீலமிடற்று இறைவனைப் போல அவன் நிலைத்திருக்க வேண்டும் என்கிறார். நஞ்சை உண்டு, சாகாமல், கழுத்தில் கறையோடு நிற்கும் கடவுள் நீண்ட வாழ்வுக்கு உவமையாகிவிட்டார். கொல்லும் பொருளை வைத்தே ஆயுளை வாழ்த்துவது சாதாரணத் துணிச்சல் இல்லை.

உண்ணப்படாத நஞ்சும் உண்டு. யாராலும் விரும்பப்படாதவன் செல்வம், ஊர் நடுவே நச்சுமரம் பழுத்தது போன்றது என்பது குறள் 1008. நச்சுதல் என்றால் விரும்புதல். நச்சினார்க்கினியர் என்ற உரையாசிரியரின் பெயரில் இருப்பது அதுதான். விருப்பத்தைக் குறிக்கும் நச்சையும் விடத்தைக் குறிக்கும் நச்சையும் ஒரே குறளில் எதிரெதிரே நிறுத்துகிறார் வள்ளுவர். "எட்டி பழுத்தால் என்ன, ஈயாதார் வாழ்ந்தால் என்ன" என்ற பழமொழி அதையே ஊர்ப்பேச்சில் சொல்கிறது.

பாம்பு அந்த இலக்கியத்தில் இல்லையா என்று கேட்கலாம். தாராளமாக இருக்கிறது. ஆனால் அதன் நஞ்சு மனிதனின் தீக்குணத்துக்கு உவமையாவது அரிது. புறநானூறு 37இல் நச்சுப்பல் கொண்ட ஐந்தலை நாகம் வருகிறது. அது புகுந்த மலைக்குகையில் இடி விழுகிறது, சோழனின் தாக்குதலுக்கு அந்த இடியே உவமை. குறுந்தொகை 119இல் சின்னஞ்சிறு பாம்புக்குட்டி காட்டு யானையைப் படுத்துவது போலத் தலைவி தன்னைப் படுத்துகிறாள் என்கிறான் தலைவன்; அங்கே அணங்கு உண்டு, நஞ்சு இல்லை. மனம் ஒவ்வாதவரோடு வாழ்வது குடிசைக்குள் பாம்போடு வாழ்வது என்னும் குறளிலும் (890) அச்சொல் வரவில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமான சான்று 129ஆம் குறள். நாவினால் உண்டாகும் தீங்கைச் சொல்ல வள்ளுவர் தேர்ந்துகொண்டது நெருப்பை. சொல்லை நஞ்சாகக் காண்பது அவருக்குத் தேவைப்படவில்லை.

திருப்பம் பக்தி இலக்கியக் காலத்தில் தொடங்குவதாகக் கொள்ளலாம். அதற்கு யாப்பும் ஒரு கை கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. நஞ்சு, நெஞ்சு, வஞ்சம், அஞ்சு: எதுகை தேடும் புலவருக்கு இவை ஒரே கொத்தாகக் கையில் கிடைப்பவை. 7ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் தமக்குப் பாற்சோற்றில் நஞ்சிட்ட செய்தியைத் திருநனிபள்ளிப் பதிகத்தில் பாடும்போது வஞ்சனையும் நஞ்சும் எதுகையாக நிற்கின்றன. நஞ்சு அமுதாவது பழைய மரபு; கொடுத்தவரின் வஞ்சனை வெளிப்படையாகப் பேசப்படுவது புதிது. மூதுரையின் 25ஆம் பாட்டில் இந்த இணைப்பு இறுகிவிடுகிறது. தன்னிடம் நஞ்சு இருப்பது தெரிந்து நாகம் ஒளிந்து வாழ்கிறது. தண்ணீர்ப்பாம்பு அஞ்சாமல் வெளியே கிடக்கிறது. நெஞ்சில் கள்ளம் உள்ளவரும் நாகம் போல ஒளிகிறார்கள். நஞ்சு இங்கே கிண்ணத்தை விட்டு நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. நீதிவெண்பா இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஈக்குத் தலையில், தேளுக்குக் கொடுக்கில், பாம்புக்குப் பல்லில், தீயவனுக்கு உடம்பு முழுவதும் விடம்.

பேச்சுவழக்கு இந்த ஏட்டு வரலாற்றோடு ஒட்டியும் ஒட்டாமலும் நடக்கிறது. ராத்திரியில் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்லாமல் "பூச்சி" என்பார்கள். என்ன கடித்தது என்று தெரியாவிட்டால் அது "விஷக்கடி". விஷம் ஏறும், வேப்பிலை அடித்து மந்திரித்தால் இறங்கும் என்பது நம்பிக்கை. "விலைவாசி விஷம்போல் ஏறுகிறது" என்ற வழக்கு உடம்பில் விஷம் ஏறும் இந்த வேகத்திலிருந்துதான் வருகிறது. "விஷப்பரீட்சை"யின் வழி தனி. துலை, தீ, நீர், விடம், கோசம் என்று யாக்ஞவல்கிய ஸ்மிருதி அடுக்கும் சோதனைகளில் ஒன்றாகிய விடச் சோதனையை நினைவூட்டும் சொல் இன்று புதுத்தொழில் தொடங்குபவருக்கு மாமனார் சொல்லும் எச்சரிக்கையாகிவிட்டது. ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: விஷமம், விஷமி என்பவை 'விஷ'த்தின் பிள்ளைகள் அல்ல. சமமற்றது என்னும் பொருள் தரும் வேறொரு வடசொல்லிலிருந்து வந்தவை. செய்தித்தாள் படிப்பவர் காதில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. "விஷமிகள் செய்த வேலை" என்றதும் பாம்புதான் நினைவுக்கு வருகிறது.

20ஆம் நூற்றாண்டு அரசியல் மேடை சாதி நஞ்சு, மத நஞ்சு, நச்சு விதை என்று உமிழ்பவரை மட்டுமே குறிவைத்தது. கிருமிக் கோட்பாடும் இதில் வந்து சேர்ந்தது. 1967 தேர்தலில் காங்கிரஸ் தோற்றபோது முதலமைச்சராக இருந்த எம். பக்தவத்சலம் நாட்டில் விஷக்கிருமிகள் பரவிவிட்டதாகச் சொன்னார் என்பது மேடைகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. கடிப்பதற்கு ஒரு பாம்பு வேண்டும். கிருமிக்கு அந்த முகமும் தேவையில்லை. பழைய மரபை விடாமல் பிடித்தவர் பாரதியார். நண்பர் கையால் நஞ்சு ஊட்டப்பட்டாலும் தமக்கு அச்சமில்லை என்று பாடியபோது, நற்றிணையின் நாகரிகம் அவரிடம் வீரமாக மாறியது.

அண்மைக் காலத்தில் உண்பவர் மறுபடியும் நடுவே வந்திருக்கிறார். இயற்கை வேளாண் அறிவியலாளர் கோ. நம்மாழ்வாரின் (1938–2013) பரப்புரையால் ஊன்றிய "நஞ்சில்லா உணவு" என்ற தொடர் இன்று காய்கறிக் கடைப் பலகை வரை வந்துவிட்டது. இதில் நஞ்சு உருவகமும் இல்லை. பூச்சிக்கொல்லியைக் குறிக்கும் நேரடிச் சொல். வள்ளுவர் காட்டியவர் ஊற்றுவதைப் பார்த்து, தெரிந்தே உண்டார். இன்றைய உண்பவருக்கு யார் ஊற்றியது, எவ்வளவு ஊற்றியது என்பது தெரியாது. ஆகவே இவருடைய உண்ணலை நாகரிகம் என்று எந்தப் புலவரும் புகழ முடியாது.